துணியின் முகப்பக்கம்

நனைந்த காடாத் துணியில் கேஸ் விளக்கின் சூடு படும்போது ஒரு மணம் எழும். துணி அவிக்கிற வெள்ளாவிப் பானையைத் திறக்கும்போது வருகிற மணமும் அல்ல, மழை விழுந்த மண்ணின் மணமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில், தொண்டையைச் சற்றே கமறச் செய்கிற ஒன்று. இந்த வயதில் எனக்கு மல்லிகைக்கும் பிச்சிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை, ஆனால் அந்த மணம் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த மணத்தின் மேல்தான் எங்கள் காலத்தில் படம் ஓடியது.

வெள்ளைக்காரன் ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயதுக்குள் இருக்கும். பெண்பிள்ளை பிறந்த வருஷத்தை எங்கள் வீட்டில் யாரும் குறித்து வைக்கவில்லை. வண்ணார்பேட்டையில், தாமிரபரணிக் கரையில், வெளுக்கிற குடும்பம் எங்களுடையது. இதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் கல்யாணப் பந்தலில் கட்டிய வெள்ளையும், பிணம் போகிற பாதையில் விரித்த 'மாத்தும்' எங்கள் கல்லில் வெளுத்தவை. பிறக்கும்போதும் எங்கள் துணி, போகும்போதும் எங்கள் துணி. நடுவில்தான் அவரவர் சொந்தத் துணி என்று என் அப்பா சொல்வார்.

அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த கோடையில் ஒரு கூடாரக் கொட்டகை வந்து இறங்கியது. நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள் என்று உட்காரவைத்தார்கள். கையால் சுற்றுகிற மிஷின் ஆண்கள் பக்கம் இருந்தது. துணி காய்ந்திருந்தால் வெளிச்சம் ஊடுருவாது, பெண்களுக்குப் படம் மங்கும். ஆகவே படம் ஓடுகிற நேரமெல்லாம் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அந்தத் துணியை வாராவாரம் வெளுத்துக் கொடுக்கிற வேலையும், மூங்கில் பீச்சாங்குழலால் அதற்குத் தண்ணீர் அடிக்கிற வேலையும் என் அம்மாவுக்குக் கிடைத்தன. அவள் வாளியோடு துணியின் ஓரத்தில் நிற்பாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் எந்தச் சீமாட்டிக்கும் கிடைக்காத இடம் அது.

ஓடியது ஒரு தொடர்படம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பாகம். அரைக்கால் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டு, கழுத்தில் ஒரு துணியை முடிந்துகொண்டு, கையில் நீளக் கம்பு வைத்த நாலைந்து வெள்ளைக்காரப் பையன்கள், தங்களுக்குப் பாடம் சொன்ன வாத்தியாரைக் கொள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டதால் கப்பலேறிக் கடல் தாண்டி அவரைத் தேடிப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் கல்லை அடுக்கியும் புல்லை முடிந்தும் ஒருவருக்கொருவர் அடையாளம் வைத்துக்கொண்டு போவார்கள். படத்துக்கு வாய் கிடையாது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் நின்று தகரக்குழலை வாயில் வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அவர் தகரக்குழல் அண்ணாச்சி. அந்தப் பையன்களுக்கு அவர் வைத்த பெயர்கள் பெரிய தொரை, சின்னத் தொரை, மூக்குறிஞ்சான், தூங்குமூஞ்சி.

முதல் வாரமே என் அம்மா அந்தப் பையன்களைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "மீசை முளைக்காத பிள்ளையள எல்லாம் சண்டைக்கு அனுப்பிட்டானே வெள்ளக்காரன். இவனுவளுக்குத் தாயி கெடையாதா?"

"இவங்க பட்டாளம் இல்ல, ஸ்கவுட்டுப் பையங்க. தொண்டு செய்யுததுதான் இவங்க வேலை" என்று அண்ணாச்சி குழலில் சொன்னது துணியைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

"என்ன பேரு வச்சா என்ன. காக்கிச் சட்டை போட்டவன் பட்டாளந்தான். அந்தச் சட்டையத் தோய்க்கதுக்கு ஒருத்தன் வேணும்லா" என்றாள் அம்மா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எனக்கு மூத்தவன், என் அண்ணன் சுடலைமுத்து, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் பட்டாளத்துக்குத் துணி வெளுக்கிற ஆளாகப் பெயர் கொடுத்து, ரயிலேறி பம்பாய்க்குப் போய், அங்கிருந்து கப்பலில் பஸ்ரா என்ற ஊருக்குப் போனான். அங்கிருந்து திரும்பிய ஓர் ஆள் மூலம் ஒரே ஒரு முறை சேதி சொல்லி அனுப்பினான்: கப்பலை விட்டு இறங்கிவிட்டேன், ஊரெல்லாம் ஈச்சமரம், தண்ணீர் உப்பு, வெளுப்பு எடுக்கவில்லை. அவ்வளவுதான். பிறகு உயிரோடு இருக்கிறான் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் இல்லை. அம்மா தினமும் அவன் பங்குச் சோற்றைத் தனியே எடுத்துவைத்து, பொழுது அடைந்த பிறகு அதைத் தானே தின்பாள்.

படத்தின் இரண்டாம் பாகத்தில் கப்பல் ஒரு கரைக்கு வந்தது. கரையெல்லாம் ஈச்சமரம். படகிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்ற சின்னத் தொரையை ஒரு கறுத்த ஆள் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, கரையில் இறக்கிவிட்டு, தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்து எங்களைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய இடது கண்ணோரத்திலிருந்து கன்னம்வரை பிறை போல ஒரு வடு.

என் அண்ணன் தவழ்கிற வயதில் வெள்ளாவிப் பானையின் ஆவி அடித்து, இடது கண்ணோரத்திலிருந்து கன்னம்வரை அதே மாதிரி வடு விழுந்தவன்.

தண்ணீர் அடிக்கிற அம்மாவின் கை நின்றுவிட்டது. துணி காய்ந்துகொண்டே வந்து அவன் முகம் மங்கியது. பின்னாலிருந்து பெண்கள் சத்தம் போட்டார்கள். "ஏ மதினி, தண்ணி அடி. ஆளு கரைஞ்சு போறான் பாரு." ஒருத்தி, "மதினிக்கு அந்தக் கறுப்பன் மேல கண்ணு விழுந்துட்டு" என்றாள்; எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவன் முகத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தண்ணீர் அடித்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவும் வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். அந்த வாரம் அதே ஆள் பையன்களின் மூட்டைகளைச் சுமந்துகொண்டு வழிகாட்டியாகக் காட்டுக்குள் நடந்தான். வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியிலேயே சண்டை தொடங்கியது.

"ஏட்டி, உனக்குக் கண்ணு என்ன பொறத்தாலயா இருக்கு? அவனுக்கு வடு வலப்பக்கம்லா இருக்கு. நம்ம பயலுக்கு இடப்பக்கம்."

"நான் பெத்தவ. எனக்கு எந்தப் பக்கம்னு தெரியாதா? இடப்பக்கந்தான் இருக்கு."

"நான் என்ன குருடனா?"

"ஆவுடை, நீ சொல்லுட்டி" என்று அம்மா என்னைப் பிடித்தாள்.

நான் இரண்டையும் பார்த்தவள். படம் ஓடும்போதே துணிக்கு அடியில் ஊர்ந்து ஆண்கள் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். "அங்கன போய்ப் பாத்தா வலது. இங்கன வந்து பாத்தா இடது" என்றேன்.

அப்பா நின்றுவிட்டார். "பாத்தியா, புள்ள சொல்லிட்டா. நீங்க பாக்குதது தலைகீழ். கண்ணாடியில பாக்குத மாதிரி. அவன் எவனோ."

அம்மா அதற்குச் சொன்ன பதிலை, வெளுக்கிற வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. "துணிக்கு மொகம் எது, முதுகு எதுன்னு எனக்குச் சொல்லித் தாரியளாக்கும்? நாலு ஓரமும் அடிச்ச தையல் மடிப்பு எங்கிட்டு இருக்கு? ஆம்பளையள் பக்கம்லா இருக்கு. மடிப்பு இருக்குத பக்கம் முதுகு. நீங்க எல்லாரும் முதுகைப் பாத்துட்டு வாரிய. மொகம் எங்க பக்கம். மொகத்துல தெரியுததுதான் மெய்."

அப்பாவும் வெளுக்கிறவர்தானே. துணியை மடிக்கும்போது முகத்தை உள்ளே வைத்து மடிப்பது எங்கள் வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தையல் மடிப்பு ஆண்கள் பக்கம்தான் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். அன்று அவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. அவருக்கும் அம்மாவின் பேச்சு ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

வெளுத்த துணியைக் கொட்டகையில் கொடுக்கப் போன அன்று அம்மா தகரக்குழல் அண்ணாச்சியிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மூட்டை சொமக்குதவன் பேரு என்ன?"

"பேரா? அந்த ஊரு பேரு நம்ம நாக்குல நிக்காதுக்கா. எதுக்குக் கேக்கிய?"

"எம்மவன் சொடலமுத்து சாடையா இருக்கான். பட்டாளத்துக்கு வெளுக்கப் போனவன்."

அண்ணாச்சி அவளையும் என்னையும் பார்த்தார். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த பாகத்தில் அந்த ஆள் வந்ததும் குழலில், "வாரான் பாருங்க நம்ம சொடலமுத்து, வழி காட்டுத வள்ளல்" என்றார். ஆண்கள் பக்கம் சீழ்க்கை பறந்தது. "ஏலே சொடல, பைய நடலே, பாம்பு கெடக்கும்" என்று ஊரே அவனுக்குப் புத்தி சொன்னது.

"நீதானட்டி அந்த ஆளுகிட்ட பேரைச் சொன்ன" என்று அப்பா வீட்டில் முனகினார். "அவரும் அறிஞ்சுதான் சொல்லுதாரு. படத்தோட கூடவே திரியுத மனுசருக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் போல எங்கள் வீட்டில் ஒரு காலம் முன்பும் இருந்ததில்லை, பின்பும் வரவில்லை. அம்மா தலைசீவிப் பூ வைத்தாள். அண்ணன் பங்குச் சோற்றை எடுத்துவைப்பதை நிறுத்தினாள். "அவனுக்குத்தான் அங்கன பட்டாளத்துச் சோறு கெடைக்குல்லா" என்றாள். நானும் தெருப்பிள்ளைகளும் ஆற்று மணலில் கல்லை அடுக்கி, நாணலை முடிந்து, தொலைந்துபோன வாத்தியாரைத் தேடினோம். நான்தான் சுடலைமுத்து, ஏனென்றால் அவன் என் அண்ணன். கொட்டகைத் துணி வெளுக்க வரும்போது மட்டும் அம்மா அதைக் கல்லில் அடிக்கமாட்டாள். மற்ற துணியை எல்லாம் ஓங்கி அடிக்கிறவள், அதை மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கையாலேயே கசக்கி அலசுவாள். அழுக்கு அரைகுறையாகத்தான் போகும். கொட்டகை முதலாளி ஒரு தரம் கறையைக் காட்டித் திட்டினான். வெளுப்பில் குறை என்று பிறர் சொல்ல விடாதவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வைகாசி பிறந்திருந்தது. மேற்கே சாரல் காற்று கிளம்பி, கொட்டகை படபடவென்று அடித்துக்கொண்டது. படத்தில் ஒரு பெரிய பள்ளம், அடியில் ஆறு, மேலே கயிற்றுப் பாலம். கொள்ளைக்காரன் ஒருவன் பாலத்தின் கயிற்றை வெட்டிக்கொண்டிருக்கிறான். அறுந்த ஒரு முனையை அந்த ஆள் தன் உடம்பில் சுற்றி, பாறையில் காலை ஊன்றிக்கொண்டு பிடிக்க, பையன்கள் ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். மூக்குறிஞ்சான் கடந்தான், தூங்குமூஞ்சி கடந்தான், கடைசியாகச் சின்னத் தொரை அக்கரையில் கால் வைத்தான். கயிறு அறுந்தது. அந்த ஆள் கையை விரித்துக்கொண்டு பள்ளத்தில் போனான்.

"போனானய்யா சொடலமுத்து" என்று குழல் அலறியது. "பொழைப்பானா, மாட்டானா? மிச்சம் வார வெள்ளிக்கெழம." விளக்கைப் போட்டார்கள். ஆண்கள் கைதட்டினார்கள், சீழ்க்கை அடித்தார்கள். அதுதான் வழக்கம், ஒவ்வொரு பாகமும் யாரோ ஒருவர் சாகப்போகிற இடத்தில்தான் நிற்கும், மறுவாரம் அவர் எப்படியோ பிழைப்பார். எங்கள் பக்கத்தில் பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்கள். அம்மா பீச்சாங்குழலை வாளிக்குள் வைத்துவிட்டு, "போயிட்டான்" என்றாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அந்தத் துணி வெளுப்புக்கு வந்தது. அம்மா அதை ஆற்றுக்கு எடுத்துப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டாள். எங்கள் சனம் கூடியது. முதலில் வேடிக்கை பார்க்க வந்த பெண்கள், அவள் அழுததைப் பார்த்து உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து, மாரில் அடித்து அழத் தொடங்கினார்கள். இரண்டு வருஷமாக அந்த அழுகை எல்லோர் தொண்டையிலும் நின்றிருக்க வேண்டும்.

அப்பா கத்தினார். "துணியில விழுந்தவனுக்கு எழவு எடுக்கியளா? பட்டாளத்துலருந்து ஒரு சேதி வந்துச்சா? எம்மவன் உசிரோட இருக்கும்போது வாய்க்கரிசி போடுதியளே, வெளங்குவியளா?"

"ஊரு பிணத்துக்கெல்லாம் நம்ம வீட்டு மாத்து விரிச்சோம். எம்புள்ளைக்கு யாரு விரிப்பா?" என்றாள் அம்மா. கொட்டகைத் துணியைத் தூக்கினாள். அகலமான துணி அது, ஒருத்தியால் தூக்க முடியாது; நான்கு பெண்கள் ஓரம் பிடித்தார்கள். வாசலிலிருந்து ஆற்றுத் துறை வரைக்கும் அதை விரித்தும் சுருட்டியும் மறுபடி விரித்தும், பிணத்துக்கு முன்னால் மாத்து போகிற முறையில் கொண்டு போனார்கள். பிணம் மட்டும் இல்லை. துறையில் இறங்கி அம்மா அதைத் தண்ணீரில் விட்டாள். முகப்பக்கம் மேலே இருக்கும்படி விட்டாள். அது காற்றை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் உப்பி மிதந்து, பிறகு நனைந்து, சுருண்டு, ஒழுக்கோடு போயிற்று.

"சீவலப்பேரி தாண்டி, கொற்கை தாண்டிக் கடலுக்குப் போயிரும். அங்கன அவன் இருப்பான்" என்று ஒரு கிழவி சொன்னாள்.

கொட்டகைக்கு இருந்தது அந்த ஒரே துணி. முதலாளி வந்து அப்பாவைத் தெருவில் நிறுத்தி வாயில் வந்ததெல்லாம் பேசினான். அப்பா தலைகுனிந்து நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காற்றும் பலத்துவிட்டது, வேறு துணி தைத்துக் கட்டிப் படம் காட்டுகிற பருவமும் போய்விட்டது என்று கொட்டகையைப் பிரித்தார்கள்.

வண்டி கட்டுகிற அன்று தகரக்குழல் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். குழல் இல்லாமல் அவர் குரல் மெலிந்து கேட்டது. "எக்கா, அழாதீங்க. அந்தப் பேரு நானா வச்சது. அவன் யாரோ எவனோ, எந்தச் சீமைக்காரனோ. அது மட்டுமில்ல, நான் தூத்துக்குடியிலயே அடுத்த பாகம் பாத்துட்டேன். அவன் சாகல. ஒரு மர வேரைப் புடிச்சு ஏறி வந்துருவான்."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அண்ணாச்சி, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. அவன் எம்மவன் இல்லன்னா, வேரைப் புடிச்சு ஏறுனா எனக்கென்ன. அவன் எம்மவந்தான்னா, விழுந்ததை நான் கண்ணால பாத்தேன். ஏறுனதை நீங்க வாயால சொல்லுதிய."

அவர் என் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார். அந்த அடுத்த பாகத்தை எங்கள் ஊரில் யாரும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் மதுரைக்காரர், தூத்துக்குடிக்காரர் என்று வயதானவர் யாரைக் கண்டாலும் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு படம் வந்ததாகக்கூட ஒருவருக்கும் நினைவில்லை.

சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள். ஒருவன் கால் இல்லாமல் வந்தான். அவன் வீட்டில் பொங்கல் வைத்தார்கள். எங்கள் அண்ணன் வரவில்லை, அவன் இறந்தான் என்ற சேதியும் வரவில்லை. அப்பா சாகிறவரை ரயில் சத்தம் கேட்டால் தின்ற கையோடு எழுந்து நிற்பார். அம்மா எழுந்திருக்க மாட்டாள். ஒரே கூரைக்குக் கீழே ஒருவருக்கு மகன் உயிரோடு இருந்தான், ஒருத்திக்கு இறந்துவிட்டான். இரண்டு பேரும் அதன் பிறகு அவனைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. யார் பேச்சு ஜெயித்தாலும் இன்னொருவர் தோற்க வேண்டுமே.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அம்மா அதை ஏற்கவில்லை. "எனக்குத்தான் நாள் தெரியும்லா" என்று அந்த வைகாசி வெள்ளிக்கிழமையின் திதியைக் கணக்கு வைத்து, வருஷாவருஷம் அவனுக்குப் படையல் இலை போட்டாள். அவள் போன பிறகு நான் போடுகிறேன்.

கொட்டகை நின்ற வயலில் இப்போது பஸ்கள் நின்று உறுமுகின்றன. கடைகளின் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. துறையில் கற்கள் இல்லை. இரண்டு வெள்ளத்தில் புரண்டவை போக, மீதியை அடித்துச் சாலைக்குப் போட்டார்கள். பேரன் வயதுப் பிள்ளைகள் ஒரு தடவை என்னைப் படக்கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன், சுவர் என்றார்கள். வடு எந்தப் பக்கம் இருந்தாலும் இப்போது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தக் காலத்துப் படங்களில் கறுத்த ஆளாக வருகிறவன் பல சமயம் கரி பூசிய வெள்ளைக்காரன்தான் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவன் சொன்னான். வடுவும் மையால் எழுதினது என்றான். இருக்கும்.

எனக்குத் துக்கம் அதில் இல்லை. என் அண்ணன் அந்த வைகாசியில் சாகாமல், எங்கோ ஓர் உப்புத்தண்ணி ஊரில் பிழைத்துக் கிடந்து, பெண்டாட்டி பிள்ளை என்று ஆகி, ஊருக்கு வர வழியில்லாமல், இங்கே பெற்றவளும் கூடப்பிறந்தவளும் தன்னை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பி இருந்திருந்தால்? உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போடக்கூடாது. போட்டால் அவன் சோற்றை நாமே எடுத்த மாதிரி என்று எங்கள் சனத்தில் சொல்வார்கள். போடாமல் விட்டால், அம்மா கண்ணால் பார்த்ததைப் பொய்யாக்கியவள் ஆகிறேன். இந்த வைகாசியிலும் இலையைக் கழுவி, சோறு வடித்து, கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டேன். காக்கை வந்து தின்றது. அது யாருக்குப் போட்டாலும் தின்னும்.